சாதுவான வண்டி

பாதை கரையில் முட்டியதும் அத்தான் முதல் கியரைப் போட்டார். மிதவைகளின் மேல் பலகை அடித்து, வாகனங்களையும் சனங்களையும் வாவிக்குக் குறுக்கே ஏற்றிச் செல்லும் தெப்பத்தை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து இறங்குதுறையில் அப்போது சீமெந்துத் தளம் கிடையாது. கிறவல் மண் கொட்டி, மழைக்குக் கரைந்து, மறுபடி கொட்டிய ஓர் ஏற்றம் மட்டும் இருந்தது. அதற்கு முந்தைய கிழமைகளில் எங்கள் பிக்கப் ஒவ்வொரு தடவையும் அந்த ஏற்றத்தின் நடுவில் மூச்சடைத்து நின்றது. ஒருமுறை பின்சில்லுகள் தண்ணீரில் நனையும் வரை வழுக்கி வந்தது. அன்று அது நிற்கவில்லை. வாவியின் மேல் கறுப்புப் புகையை விட்டு, யாரோ நெடுமூச்சில் விசிலடிப்பது போன்ற சத்தத்தோடு, ஏற்றிய அரிசி மூடைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு ஒரே இழுவையில் மேலே போய் நின்றது. பாதையில் நின்ற சைக்கிள்காரர்கள் கூவினார்கள். முன் இருக்கையில் இடப்பக்கம் இருந்த நான் கைதட்டினேன்.

அந்தக் கைதட்டலை மறந்துவிட விரும்பிய வருடங்கள் உண்டு. இப்போது அப்படி விரும்பவில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதிவிடுகிறேன்.

அத்தான் என் மூத்த அக்காவின் கணவர். பெரியகல்லாற்றுக்காரர். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, பெட்டி கட்டி, கூவிக்கொண்டே வந்து விற்பவர். நாலு வளவு தள்ளிக் கேட்கும் குரல் அவருக்கு. பிறகு இரண்டு தோணியும் ஐஸ் பெட்டிகளும் வாங்கி முதலாளியானார். கூவுவதை மட்டும் விடவில்லை. சுனாமி வந்த காலையில் அக்காவும் பிள்ளைகளும் நாவற்குடாவில் எங்கள் வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். அத்தான் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். தோணிகளும் பெட்டிகளும் வீடும் போயின. இனி மீனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஏறாவூரில் ஒருவரிடமிருந்து பழைய டேர்போ டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். வெள்ளை நிறம். நான் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்த நிவாரண அமைப்பு அதை வாடகைக்கு எடுத்தது. முதல் இரண்டு வருடமும் கரையோரத்தில் தண்ணீர்த் தாங்கியும் கூரைத் தகரமும் ஏற்றினோம். அது மட்டமான தெரு. வண்டிக்கு வலு போதாது என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை.

சண்டையால் இடம்பெயர்ந்த படுவான்கரைச் சனங்களைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடியேற்றியபோதுதான் தெரிந்தது. வாவிக்கு அப்பால், வாய்க்கால் கட்டு நெடுகப் போய், வட்டை எனப்படும் வயல்வெளியின் விளிம்பில் இருந்த ஒரு சிற்றூர் என் பொறுப்பில் வந்தது. கிழமைக்கு ஒருமுறை அரிசி, பருப்பு, மா, சீனி. பாதி கூரை போன பள்ளிக்கூடத்தடியில் வண்டியை நிறுத்துவோம். பிக்கப்பின் கடகடப்பு வாய்க்கால் கட்டில் கேட்டதுமே ஆண்கள் மூடை இறக்க வந்துவிடுவார்கள். வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது ஓர் இளம் சோடியின் கொட்டில். கலியாணம் முடித்தவர்களை ஆயுதக்காரர்கள் தங்கள் படைக்குப் பிடிப்பதில்லை என்று சனம் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வீட்டாரும் அவசரமாகத் தாலி கட்டி வைத்திருந்தார்கள். அவளுக்கு இருபது வயதிருக்கும். வயிற்றில் பிள்ளை. அவனுக்கு அவளைவிட இரண்டொரு வயது கூட. தனியாளாக இரண்டு மூடையை முதுகில் போட்டு நடப்பான். "அண்ணன், உங்கட வண்டிய விட எங்கட எருமை சுறுக்கா வரும்" என்று அத்தானைச் சீண்டுவான். "எருமைக்கு அரிசி ஏத்தத் தெரியுமாடா?" என்பார் அத்தான். "ஏத்தத் தெரியாது அண்ணன், ஆனா ஏத்தத்தில நிக்காது."

அந்தப் பேச்சுத்தான் அத்தானுக்குச் சுட்டது. அடுத்த நாளே காத்தான்குடியில் டீசல் பம்ப் திருத்தும், எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக் ஒருவரின் கராச்சுக்கு வண்டியை விட்டார். நானா வாயாடி. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு செய்கிறவர்.

"தம்பி, இது இஞ்சின் இல்ல, கட்டிப்போட்ட யானை. செஞ்சவன் கால்ல சங்கிலி போட்டுத்தான் அனுப்பியிரிக்கான். நான் அவுத்து உடுறன்."

பம்பின் பின்புறத்தில் ஒரு திருகு உண்டு. இஞ்சினுக்குள் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். அதை ஆலையிலேயே அளந்து வைத்து, யாரும் தொடாதபடி கம்பி கோத்து ஈய முத்திரை இட்டிருப்பார்கள். நானா குறட்டால் அந்தக் கம்பியை வெட்டினார். திருகைக் கால்சுற்று உள்ளே விட்டதும் இஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமியது. அதன் ஓய்வு வேகத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு கால்சுற்று விட்டார். பிறகு பம்பின் தலையிலிருந்த மூடியைக் கழற்றினார். டேர்போ தரும் காற்றழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் கொடுக்கும் சவ்வு ஒன்று அதனுள் இருந்தது. அதன் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். டேர்போ அளவுக்கு மிஞ்சிச் சுழலாமல் தடுக்கும் சிறு கதவின் தண்டை இறுக்கி, அது பிந்தித் திறக்கும்படி வைத்தார். கடைசியாகச் சைலன்சரைக் கழற்றிவிட்டு அகலமான நேர்க்குழாயைப் பொருத்தினார். எந்த அளவுகருவியும் அவரிடம் இல்லை. புகைக்குழாய்க்குப் பின்னால் உள்ளங்கையைப் பிடித்து, படிந்த கரியை வெளிச்சத்தில் பார்ப்பார், அவ்வளவுதான்.

"டீசல் கூடக் குடிக்குமே நானா?" என்று நான் கேட்டேன். டீசலுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவள் நான்.

"குடிக்காமப் பாரம் இழுக்க அது என்ன தங்கச்சி, நோன்பா புடிச்சிரிக்கு?"

அத்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். வண்டியை எடுக்கும்போது நானா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்ட கை பட்ட வண்டி ஒரு மைலுக்கு அங்கால போனாலும் சத்தத்த வெச்சே நான் சொல்லுவன். இந்த விசில் வேற ஒருத்தனுக்கும் வராது." அதை வெறும் பெருமைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

ஏற்றத்தை ஒரே இழுவையில் ஏறியது அதற்கு மறுகிழமை. அத்தான் வாய்க்கால் கட்டு முழுக்க வேகமாக ஓட்டினார். தேவையே இல்லாமல் காலை அமுக்கி அந்த விசிலை வரவழைத்தார். "அந்த எருமைக்காரன் இப்ப வந்து பாக்கட்டும் மச்சாள்" என்றார். நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தடியில் நிறுத்தினோம். ஒருவரும் வரவில்லை. ஊருக்குள் நடந்து போனோம். ஒரு வீட்டிலும் ஆளில்லை. ஓர் அடுப்பில் சோறு பொங்கி வழிந்து நெருப்பில் சீறிக்கொண்டிருந்தது. ஒரு வாசலில் பாதி சீவிய தேங்காயும் அரிவாளும் கிடந்தன. இன்னொரு வாசலில் பிள்ளையொன்றின் ஒற்றைச் செருப்பு. மறுபடி இடம்பெயர்ந்துவிட்டார்களோ என்று எனக்குப் பட்டது. அத்தான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பானைகளை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். "கொட்டில் பத்திக்கொண்டு போகப்போகுது" என்று முணுமுணுத்தார். மூடைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் அடுக்கிவிட்டுத் திரும்பினோம்.

அதற்கடுத்த கிழமையும் அதே மாதிரி. அடுப்பு எரிந்தது, ஆட்கள் இல்லை. அன்று அத்தான் பொறுமை இழந்து, பள்ளிக்கூட வாசலில் நின்று மீன் கூவுகிற அதே ராகத்தில் கூவினார். "அரிசியேய்... பருப்பேய்... மாவேய்..." இரண்டாம் தடவை கூவி முடிக்கும் முன் வாய்க்காலுக்குள் தண்ணீர் அசைந்தது. சல்வீனியாப் பாசியை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் எழுந்து நின்றாள். கழுத்து வரை சேறு. இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கியிருந்தாள்.

"அண்ணனா வந்த?"

"ஓம் புள்ள, நான்தான். ஏன் தண்ணிக்குள்ள..."

"உங்கட வண்டி முந்தி இப்பிடிச் சத்தம் போடாதே அண்ணன். இது பொடியன்மாரப் புடிக்க வாறவனுகள்ட வண்டிச் சத்தமெல்லோ. இப்பிடித்தான் விசில் அடிச்சிக்கொண்டு வரும்."

நாணலுக்குள்ளிருந்து அவள் கணவனும் வெளியே வந்தான். அவன் பிடரியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும், நாங்கள் வெட்கப்படக் கூடாதே என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்தான். "வயித்துக்குள்ள இருக்கிற புள்ளைக்கும் நீச்சல் பழக்கிப்போட்டீங்க அண்ணன்." அவளும் சிரித்தாள். அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, உடுப்பு ஈரத்தோடேயே அவன் மூடை இறக்க வந்தான். நான் தூரத்து வயலைப் பார்த்தபடி நின்றேன். சோறு கொண்டுபோன நாங்கள் அவர்களை அட்டைகள் நெளியும் தண்ணீருக்குள் படுக்க வைத்திருக்கிறோம். அதுவும் இரண்டு தடவை, அதுவும் ஓர் ஏற்றத்தைச் சுலபமாக ஏறுவதற்காக, அதுவும் சிரித்துக்கொண்டு.

அன்று பாதையால் திரும்பியதும் அத்தான் வீட்டுக்குப் போகாமல் நேரே நானாவிடம் போனார். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"கூட்டச் சொல்லி வாறவனத்தான் கண்டிரிக்கன். குறைக்கச் சொல்லி வாற மொதல் ஆள் நீதான்" என்று நானா குதித்தார். "என்ட வேலையில என்ன பிழை?"

"பிழையில்ல நானா. அவனுகள்ட வண்டியும் உங்கட வேலைதானா?"

நானா கையிலிருந்த திருகுசாவியைக் கீழே வைத்தார். பிறகு குரலை இறக்கி, "துவக்கோட வந்து நிக்கிறவனுக்கு ஒண்ணாது எண்டு சொல்ற கராச் எங்க தம்பி இரிக்கு?" என்றார். அத்தான் சனம் ஓடியதைச் சொன்னார். அவளுடைய வயிற்றைச் சொன்னார். நானா தலையைக் கவிழ்த்தபடி கேட்டார். "எங்கட ஊர்லயும் வண்டிச் சத்தத்துக்கு எழும்பி ஓடின காலம் இரிக்கு" என்று மட்டும் சொன்னார். பழைய சைலன்சரை மூலையிலிருந்து அவரே தேடி எடுத்துக் கரி தட்டிப் பொருத்தினார். எல்லாவற்றையும் முன்பிருந்தபடி வைத்துவிட்டு, இஞ்சினை இயக்கி, அந்தக் கடகடப்பு வரும்வரை காதைக் கொடுத்து நின்றார்.

அதன் பிறகு பாதிப் பாரம் ஏற்றி இரண்டு நடை போனோம். ஏற்றத்தில் நின்றால் பாதைக்காரர்கள் தள்ளினார்கள். ஊர் மறுபடி வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் வாய்க்காலடி வீடுதான் கட்டுக்குக் கிட்ட என்பதால் சத்தம் முதலில் கேட்பது அவளுக்கு. யாரும் சொல்லாமலே அது அவளுடைய வேலையாகிவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் கொஞ்சம் நின்று கேட்பாள்; பிறகு "அரிசி வண்டி!" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்குப் பிறகுதான் ஆண்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும் அவள் அப்படியே நின்று கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டாள். "என்ட வண்டிய என்னை விட உனக்குத்தான் தெரியும் புள்ள" என்பார் அத்தான். அந்த மாதங்களில் அவர் மறுபடி பழைய மீன்காரராக இருந்தார் என்று சொல்லலாம்.

பாதையடியிலிருந்து தெரு இரண்டாகப் பிரியும் சந்தியில் ஒரு முற்பகல் எங்களை மறித்தார்கள். அவர்கள் யார், எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வருடங்களில் பக்கங்களும் மாறிக்கொண்டே இருந்தன. மரநிழலில் அவர்களுடைய பிக்கப் நின்றது. முகம் மழித்த இளைஞன் ஒருவன் மரியாதையாக வந்து கதவருகில் குனிந்தான்.

"அண்ணன், ஒரு மணித்தியாலத்துக்கு வண்டி வேணும்."

"உங்கட வண்டி நல்லாத்தானே நிக்குது தம்பி?"

"எங்கட வண்டி சரிவராது அண்ணன். எறங்குங்க. அக்காவும் எறங்குங்க."

அத்தான் இறங்கி மூடைகளை இறக்கப் போனார். "மூடை கிடக்கட்டும், நாங்க எறக்கிக் குடுக்கிறம்" என்றான் அவன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தானுக்கு ஒரு கணம் முன்னமே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். வாய்க்கால் கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். துவக்கோடு ஒருவன் எங்களோடு நின்றுகொண்டான். எங்கள் பிக்கப் வாய்க்கால் கட்டில் ஏறிப் போனது. அதன் கடகடப்பு வயல்வெளிக்கு மேலால் நெடுநேரம் கேட்டது. வழக்கமாக நான் உள்ளே இருந்து கேட்கும் சத்தம். வெளியே நின்று கேட்டது அன்றுதான். எவ்வளவு பாவப்பட்ட சத்தம் அது. எவரும் பயப்பட முடியாத சத்தம். அத்தான் உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றான் காவல் நின்றவன்.

"ஒண்டுமில்ல தம்பி."

"ஓடுங்கடா, ஓடுங்கடா" என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

வண்டி திரும்பி வந்தபோது மூடைகளின் மேல் அந்த ஊர் இளைஞர்கள் நான்கு பேர் குந்தியிருந்தார்கள். பின்கதவின் கொளுக்கி வளைந்திருந்ததால் அதைத் தூக்கி இடப்பக்கம் தட்டித்தான் திறக்க வேண்டும். அது அத்தானுக்கு மட்டும் கைவந்த வேலை. அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்த் திறந்தார். நான் மரத்தடியில் நின்றேன். இறங்கும்போது அந்தப் பெண்ணின் கணவன் அத்தானின் காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ சொன்னான். அவனுடைய உதடு அசைவதைக் கண்டேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் வார்த்தை கேட்கவில்லை. நால்வரையும் தங்கள் வண்டிக்கு மாற்றினார்கள். அந்த இளைஞன் சாவியை அத்தானின் உள்ளங்கையில் வைத்து, "நல்ல சாதுவான வண்டி அண்ணன்" என்றான். மனதாரத்தான் சொன்னான். பிறகு அவர்களுடைய வண்டி விசிலடித்துக்கொண்டு போனது.

அன்று நாங்கள் ஊருக்குள் போகவில்லை. போக முகமில்லை. அரிசியோடு பாதையில் ஏறித் திரும்பினோம். அந்தப் பெண்ணின் கணவன் காதில் என்ன சொன்னான் என்று அத்தானிடம் கேட்டேன். "ஒண்டுமில்ல மச்சாள்" என்றார்.

மறுநாள் காலை அவர் கராச்சில் நின்றார். நானும் போயிருந்தேன்.

"கூட்டுங்க நானா."

"என்ன தம்பி, வெளையாடுறியா? எவ்வளவு கூட்ட?"

"ஏலுமான மட்டும்."

"ஹெட் வெடிச்சிரும். இஞ்சின் மிஞ்சாது."

"வெடிக்கட்டும். இனி ஆர் ஓட்டிக்கொண்டு போனாலும் என்ட வண்டிச் சத்தத்துக்குச் சனம் ஓட வேணும்."

நானா அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அன்று அவர் ஒரு பகிடிகூட விடவில்லை. திருகை முதல் தடவையைவிட ஆழமாக விட்டார். புகைக்குழாயில் பிடித்த கையை வெளிச்சத்தில் பார்க்காமலேயே உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

வலுவுக்காகப் பலர் இஞ்சினை முறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். தன்னைக் கண்டு சனம் ஓட வேண்டும் என்பதற்காக முறுக்கியவர் எனக்குத் தெரிந்து அத்தான் ஒருவர்தான். அதன் பிறகு வாய்க்கால் கட்டின் தொடக்கத்திலேயே விசில் ஊரை எட்டிவிடும். பள்ளிக்கூடம் வரை நாங்கள் போவதில்லை. கட்டின் முனையில் மூடைகளை இறக்கி வைத்து, தூரத்து வாசல்கள் வெறுமையாக இருக்கின்றனவா என்று அத்தான் பார்ப்பார். வெறுமையாக இருந்தால் "நல்லது" என்பார். நாங்கள் போன பிறகு அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த ஊரின் ஒரு முகத்தையும் அதன் பிறகு நாங்கள் கிட்டக் காணவில்லை. அது அவர்களுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் தப்புவதற்கும் அது வசதியாக இருந்தது என்பதை அப்போது எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

வடக்கில் யுத்தம் முடிந்த வருடம், அதே இறங்குதுறை ஏற்றத்தில், நானா சொன்னபடியே இஞ்சினின் ஹெட் வெடித்தது. வெள்ளைப் புகை கிளம்பி, வெந்நீர் கொட்டி, வண்டி நின்றது. அத்தான் இறங்கிக் கதவைச் சாத்தினார். திருத்தலாம் என்று நானா சொல்லியனுப்பியும் அவர் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின் ஒரு பின்னேரம் நாவற்குடா வீட்டு வாசல் படலையில் "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்த அத்தான் அந்தக் குரலைக் கேட்டதும் கோடரியைப் போட்டுவிட்டுப் பின்வேலியால் வாவிப் பக்கம் ஓடினார். ஐம்பது வயது மனிதர் அப்படி ஓடி நான் கண்டதில்லை. அவர் வெளியே போய்விட்டார் என்று அக்கா பொய் சொன்னாள். வந்திருந்த வாய்க்காலடிப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தாள். கணவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை என்றாள். மற்ற மூவரும் வரவில்லை. போகாத முகாம் இல்லை, கேட்காத ஆள் இல்லை.

"அண்ணனட்ட ஒண்டு கேக்கத்தான் வந்தனான் அக்கா. எனக்குக் காது பிழைச்சிற்று. அண்டைக்கு நான்தான் அரிசி வண்டி எண்டு கத்தினன். நாலு பேரும் என்ட சத்தத்துக்குத்தான் போனாங்க. பள்ளிக்கூடத்தடியில கத்தின சத்தம் கேட்டு மத்தாக்கள் அரைவழியில திரும்பி ஓடிட்டாங்க. ஆர்ட வண்டி எண்டு ஒருத்தரும் வடிவாக் காணல்ல. அடுத்த கிழமை அண்ணன்ட வண்டி விசில் அடிச்சிக்கொண்டு வந்திச்சு. அப்ப ஊரெல்லாம் சொல்லிச்சுது, அவர் முந்தியே வண்டிய மாத்திட்டார், நீதான் வேற வண்டியக் கேட்டுப்போட்டுக் கூப்பிட்ட எண்டு. மத்த மூணு வீட்டாரும் என்னோட கதைக்கிறல்ல. அண்ணன் எந்த நாளையில வண்டிய மாத்தினவர் எண்டு சொன்னா..."

நாங்கள் பரிகாரம் என்று நினைத்துச் செய்த காரியம் அவளைப் பொய்யாக்கியிருந்தது. இந்த வருடங்கள் முழுக்க அந்த விசில் கேட்கும்போதெல்லாம் ஊர் அவளைப் பார்த்திருக்கும். சொல்லத்தான் வேண்டும் என்று நான் எழும்பியபோது, குசினி வாசலில் அத்தான் நின்றார். முழங்கால் வரை வாவிச் சேறு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"உனக்குக் காது பிழைக்கல்ல புள்ள" என்றார். "அது என்ட வண்டிதான். மறிச்சு வாங்கிக்கொண்டு போனாங்க. நான்தான் சாவியக் குடுத்த. நான் மாத்தினது அதுக்கு மறுநாள்."

அவள் அசையவில்லை.

"உன்ட மாப்பிள்ளை எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொன்னவன். ‘அவளட்டச் சொல்லுங்க அண்ணன், அவள் சரியாத்தான் கூப்பிட்டவள் எண்டு.’ அவ்வளவுதான் சொன்னவன்."

"எப்ப சொன்ன?"

"அண்டைக்கே. வண்டி மாறக்குள்ள."

"அண்டைக்கே" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அக்கா வைத்த தேநீரை எடுத்து முழுவதும் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு காலமும் நான் என்ட காத நம்பல்ல அண்ணன்" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பிறகு, "மத்த மூணு வீட்டுக்கும் வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் போனோம். பாதையால் இறங்கி வாய்க்கால் கட்டில் நடந்தே போனோம். மூன்று வீட்டிலும் அத்தான் அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. திட்டுவார்கள், அடிப்பார்கள் என்றுகூட நான் எதிர்பார்த்தேன். முதல் வீட்டில் பாய் விரித்தார்கள். இரண்டாவது வீட்டில் தண்ணீர் தந்தார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு தகப்பன், "நீங்க குடுக்காட்டி உங்களையும் சுட்டிருப்பானுகள்" என்று அத்தானைத் தேற்றினார். திரும்பும் வழியில் அத்தான் வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த இடத்தில் பாலம் இருக்கிறது. ஏற்றம் என்று ஒன்று இருந்ததே வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியாது. அத்தானுக்கு எழுபது நெருங்குகிறது. வாகனம் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அக்காவும் நானும் அவரும் அமிர்தகழிக் கோயிலுக்குப் போவோம். சுனாமியில் போன அவருடைய சொந்தங்களுக்காக அவர் மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடுவார். அந்தப் பெண்ணும் அங்கே வருவாள். மகள் இப்போது அவளைவிட உயரம். தகப்பனை இழந்தவர்கள் இறங்கிக் கடன் கழிக்கும் அந்தக் குளத்தில் அவர்கள் இருவரும் இறங்குவதில்லை. இறங்கினால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். படியில் நின்று பார்ப்பார்கள். பிறகு சனத்துக்குள் என்னைத் தேடி வந்து, மகளின் படிப்பைப் பற்றி, வயலைப் பற்றிப் பேசுவாள்.

தூரத்தில் அவளைக் கண்டதுமே அத்தான் நழுவிவிடுவார். ஈர வேட்டியோடு வேர்க்கடலை விற்கும் கச்சான் கடைகளின் பின்பக்கம் போய், தகரச் சுவரை ஒட்டி நிற்பார். அவள் "அண்ணன் சுகமா?" என்று கேட்பாள். நான் சுகம் என்பேன். ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே பதில். போன வருடம் அவள் அதோடு போகவில்லை. கடைகளின் பக்கம் பார்க்காமலே, மகளின் தோளில் கைவைத்தபடி சொன்னாள்:

"அண்ணனட்டச் சொல்லுங்க அக்கா, அந்தப் பக்கம் நிழல் இல்ல. வெயிலுக்குள்ள நிக்க வேணாம் எண்டு."

சொன்னேன். அத்தான் பஸ் நிற்கும் இடம் வரை, நான் நீட்டிய குடையை வாங்காமல், எங்களுக்கு முன்னால் வெயிலிலேயே நடந்து போனார்.